பட்டாளத்துக்காரனின் நிய்யத்



அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருச்சமூகத்திற்கு நாட்டுப்புறத்து அரபி ஒருவர் வந்தார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாத மனிதர். ஒருவன் கனீமத்துப் பொருளுக்காகப் போர் செய்கிறான். இன்னொருவன் நாலு பேர் தன் பேரைச் சொல்ல வேண்டும் என்று போர் செய்கிறான். மற்றொருவன் தன் வீரத்தைப் பிறர் கண்ணால் காண வேண்டும் என்று போர் செய்கிறான். இவர்களில் அல்லாஹ்வின் பாதையில் நிற்பவன் யார் என்று கேட்டார். அல்லாஹ்வின் வாக்கு மேலோங்க வேண்டும் என்பதற்காகப் போர் செய்தவன் எவனோ அவனே என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடை அருளினார்கள். அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வந்திருக்கிறது.

விடையை நாம் அடிக்கடி பயானில் சொல்லுகிறோம். கேள்வியைத்தான் கவனிப்பதில்லை. அந்த அரபி மூன்று பேரையும் நேரில் பார்த்தவர் என்று தோன்றுகிறது. பட்டாளத்துக்காரன் எதற்காகப் போகிறான், எதற்காக நின்று சாகிறான் என்பதைப் பிற்காலத்துப் பண்டிதர்கள் பெரும் புத்தகங்களாக எழுதினார்கள். இவர் இரண்டு மூச்சில் கேட்டுவிட்டார்.

இதை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய அரசு ‘அக்னிபத்’ என்னும் திட்டத்தை அறிவித்தது. இளம்பிள்ளைகளை நான்கு ஆண்டுகளுக்குப் படையில் சேர்ப்பது, பிறகு நூற்றுக்கு 25 பேர் வரை நிலையாக வைத்துக்கொண்டு மற்றவர்களைச் சுமார் 11.71 இலட்சம் ரூபாயோடு வீட்டுக்கு அனுப்புவது, அப்படி வருகிறவர்களுக்குப் பென்ஷன் கிடையாது என்பது அதன் சாரம். நம் புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கத்து மைதானங்களில் ஸுப்ஹு நேரத்திலேயே ஓடிப் பழகும் பிள்ளைகளைக் காணுகிறோம். அவர்களில் நம் மஹல்லாப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த வீடுகளிலிருந்து இரண்டு கேள்விகள் வருகின்றன. பட்டாளத்துச் சம்பளம் ஆகுமா என்பது ஒன்று. இதை அத்தாமார்கள் கேட்கிறார்கள். சம்பளத்துக்கென்று போன பிள்ளை அங்கேயே மவுத்தாகிவிட்டால் அவன் ஷஹீதா என்பது மற்றொன்று. இதைத் தாய்மார்கள் கேட்கிறார்கள். அதுவும் நேரே கேட்பதில்லை, வேறு எதையோ கேட்டு முடித்துவிட்டு, எழுந்து போகும்போது கேட்கிறார்கள்.

கிதாபைப் பார்த்து ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் சாதாரணச் சிப்பாய் ஏன் போகிறான், போனவன் ஏன் ஓடி வராமல் நிற்கிறான் என்பதை அறியாமல் சொல்லும் பதில் வீட்டுக்குப் போய்ச் சேருவதில்லை.

நம் மண்ணிலிருந்தே தொடங்குவோம். புதுக்கோட்டை 1948 மார்ச்சு மாதம் வரை தொண்டைமான் மன்னர்களின் தனிச் சீமையாக இருந்தது. அந்த மன்னர்கள் பழைய நாளில் படைவீரனுக்கு மாதச் சம்பளம் கொடுக்கவில்லை; நிலம் கொடுத்தார்கள். அதற்கு ‘அமரம்’ என்று பெயர். அந்த நிலத்தை உழுது உண்டு, அழைத்தபோது ஆயுதத்தோடு வந்து நிற்க வேண்டியவன் அமரகாரன். ஆற்றுப் பாசனம் அருகிய சீமை இது. கண்மாய் நிறைந்தால் சோறு, வறண்டால் பட்டினி. இப்படிப்பட்ட இடத்தில் வரியில்லாத இரண்டு வயல் என்றால் ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை விவசாயி வீட்டில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1750களில் திருச்சிராப்பள்ளிக் கோட்டையை முன்னிட்டுப் போர் நடந்தபோது தொண்டைமான், ஆர்க்காட்டு நவாப் முஹம்மது அலிக்கும் ஆங்கிலேயருக்கும் துணை நின்றார். எதிரே பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும். 1799இல் வீரபாண்டியக் கட்டபொம்மன் புதுக்கோட்டைச் சீமைக்குள் பிடிபட்டு ஆங்கிலேயரிடம் ஒப்படைக்கப்பட்டு அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும் எல்லோரும் அறிந்தது. மன்னர் செய்தது சரியா தவறா என்று இன்றும் வாதம் நடக்கிறது. நடக்கட்டும். நாம் கேட்பது வேறு. அன்று காட்டைச் சுற்றி வளைத்து நின்ற ஏழை அமரகாரனுக்குக் கட்டபொம்மன் மீது என்ன பகை? பிரெஞ்சுக்காரனைத்தான் அவன் கண்டானா, அவன் பேச்சு இவனுக்குப் புரிந்ததா? நிலம் தந்தவர் எந்தப் பக்கம் நின்றாரோ அந்தப் பக்கம் அவன் நின்றான். அவ்வளவுதான். 1888ஆம் ஆண்டு இனாம் நிலங்களுக்குச் செட்டில்மெண்டு நடந்து, ஊழியத்துக்கென்று விட்ட நிலங்கள் சிறு தீர்வையோடு வைத்திருந்தவர்களுக்கே உரிமையாயின. ஈட்டி போயிற்று, வயல் நின்றது. அதற்காக அழுதவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள் என்பது நம் எண்ணம்.

இதை ஏதோ பிறர் கதை என்று எண்ண வேண்டாம். நம் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் பெயருக்குப் பின்னால் ‘இராவுத்தர்’ என்று எழுதுகின்றன. அந்தச் சொல்லுக்குக் குதிரை வீரன் என்று பொருள். கல்யாணப் பத்திரிகையில் நாம் அச்சடித்துக்கொள்வது ஒரு பட்டாளத்துக்காரனின் பட்டப்பெயர்தான்.

சரி, நிலத்துக்காகப் போனவன், சம்பளத்துக்காகப் போனவன் என்றே வைத்துக்கொள்வோம். சம்பளம் ஒருவனைப் பட்டாளத்து வாசல் வரை கொண்டுபோய் விடும். குண்டு விழும்போது நிற்க வைப்பது சம்பளமா? செத்தவன் சம்பளத்தை எண்ணப் போவதில்லையே! அப்படியானால் வேறு ஏதோ இருக்கிறது.

முதலாம் உலகப் போரில் இந்தியாவிலிருந்து 10 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். 70,000க்கு மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. அவர்கள் பிரான்சிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதங்களை வெள்ளைக்கார அதிகாரிகள் பிரித்துப் படித்து மொழிபெயர்த்து வைத்தார்கள். அந்தப் பிரதிகள் இன்றும் இலண்டனில் இருக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வருவது ‘உப்பு’. சர்க்காரின் உப்பைத் தின்றுவிட்டோம், அதை ஹலாலாக்க வேண்டும் என்று எழுதினார்கள். இன்னொரு சொல் ‘இஜ்ஜத்’, மானம். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நாமும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தானே வளர்க்கிறோம்!

ஆனால் அந்த உப்பு முஸ்லிம் சிப்பாய்களை ஒரு கொடிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. 1914 நவம்பரில் துருக்கி எதிர்ப்பக்கம் சேர்ந்தது. கலீஃபாவின் படை எதிரில். சாப்பிட்ட உப்பு ஆங்கிலேயனுடையது. 1915 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரில் இருந்த முஸ்லிம் பட்டாளம் ஒன்று கலகம் செய்தது. அவர்களை ஹாங்காங்குக்கு அனுப்பத்தான் உத்தரவு. துருக்கியரோடு போரிட அனுப்பப் போகிறார்கள் என்று வதந்தி பரவிற்று. 47 பேரைச் சிறைச்சாலைச் சுவருக்கு வெளியே ஊரார் பார்க்கச் சுட்டுக் கொன்றார்கள். 1916இல் பஸராவில் ஒரு குதிரைப்படையைச் சேர்ந்த முஸ்லிம்கள் பக்தாத் பக்கம் போய்ப் போரிட மாட்டோம் என்று மறுத்தார்கள். ஆயினும் பெரும்பாலோர் மறுக்கவில்லை. போனார்கள், போரிட்டார்கள், தொழுதார்கள், நோன்பு வைத்தார்கள், மவுத்தானார்கள். இவர்களில் எவருடைய உள்ளத்தில் என்ன இருந்தது என்று நூறாண்டு கழித்து உட்கார்ந்து தீர்ப்பு எழுத நமக்குத் துணிவில்லை.

உப்புக்கும் ஓர் எல்லை உண்டு என்பதற்கு நம் தமிழகத்திலேயே சாட்சி இருக்கிறது. வேலூரில் ஓதிய ஆலிம்களுக்கு அந்தக் கோட்டையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1806 ஜூலை 10ஆம் தேதி விடியுமுன் அங்கிருந்த சென்னைப் படைச் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஹிந்துக்களும் முஸ்லிம்களுமாக அவர்கள் கம்பெனிக்காகப் பல போர்களில் இரத்தம் சிந்தியவர்கள். சம்பளம் குறைவு என்று முணுமுணுத்தவர்கள்தாம், அதற்காக எழவில்லை. தாடியைக் கத்தரி, நெற்றிக் குறியை அழி, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டு என்று உத்தரவு வந்தபோது எழுந்தார்கள். திப்புவின் மக்கள் அதே கோட்டையில் காவலில் இருந்ததும் நெருப்புக்கு எண்ணெய் ஆயிற்று. கூலிக்குப் போனவன் கூலிக்காக மட்டுமே இருப்பான் என்று எண்ணிய அதிகாரிகளின் கணக்கு அன்று பொய்த்தது.

மானத்துக்காகச் சேர்ந்தவர்களும் உண்டு. பிழைப்பைத் தேடித் தமிழகத்திலிருந்து மலேயாவுக்கும் பர்மாவுக்கும் கப்பல் ஏறியவர்கள் கொஞ்சமல்ல. ரப்பர்த் தோட்டத்தில் அவர்களுக்கு இருந்த பெயர் ‘கூலி’. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் பொறுப்பை ஏற்றபோது அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் திரள் திரளாகப் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் இந்தியாவையே பார்க்காதவர்கள் இருந்தார்கள். அங்கே நிலம் கிடைக்காது, பெரிய சம்பளம் கிடைக்காது. 1944இல் இம்பால் பக்கத்துக் காடுகளில் கிடைத்தது பசியும் மலேரியாக் காய்ச்சலும்தான். ஆனால் நேற்றுவரை கூலி என்று கூப்பிட்டவனை இன்று சிப்பாய் என்று கூப்பிட்டார்கள். அந்தப் படையின் பெருந்தலைகளில் ஷா நவாஸ் கானும், ‘ஜெய்ஹிந்த்’ என்ற முழக்கத்தைத் தந்தவராகச் சொல்லப்படும் ஆபித் ஹஸனும் முஸ்லிம்கள். எதிரே ஆங்கிலேயரின் இந்தியப் படையிலும் தமிழ்ப் பிள்ளைகள் நின்றார்கள். பர்மா அரிசி நின்று விலைவாசி ஏறிய அந்த ஆண்டுகளில் வீட்டு அடுப்புக்காகச் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். ஒரே மொழி பேசிய இரண்டு தாய்மார்களின் பிள்ளைகள் எதிர் எதிர்ப் பள்ளங்களில் படுத்திருந்தார்கள்.

இனி, நிற்க வைப்பது எது என்ற கேள்விக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் நடக்கையில் அமெரிக்காவில் சாமுவேல் ஸ்டௌஃபர் என்ற பேராசிரியரும் அவர் கூட்டத்தாரும் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களை விசாரித்து 1949இல் நூலாக வெளியிட்டார்கள். உன்னைப் போர்முனையில் தாங்கி நிறுத்துவது எது என்று கேட்டதற்கு, நாட்டின் கொள்கை என்றோ பகைவன் மீதுள்ள கோபம் என்றோ சொன்னவர்கள் மிகச் சொற்பம். வேலையை முடித்து வீடு திரும்ப வேண்டும் என்றார்கள். பக்கத்தில் நிற்பவனை விட்டுவிட்டு வர முடியாது என்றார்கள். பிரார்த்தனை துணை நின்றது என்றும் ஏராளமானோர் சொன்னார்கள். அதற்கு முந்திய ஆண்டு வெளியான இன்னோர் ஆராய்ச்சி, பிடிபட்ட ஜெர்மன் சிப்பாய்களைப் பற்றியது. ஹிட்லரின் கொள்கைக்காக அல்ல, தன்னோடு உண்டு உறங்கிய சிறு கூட்டம் சிதையாமல் இருந்தவரை அவன் போரிட்டான், கூட்டம் சிதைந்ததும் கையைத் தூக்கிவிட்டான் என்று அது கண்டது.

நம் பெரியார்களின் வரலாற்றை ஓதியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. தாத்துர் ரிகாஉ என்னும் படையெடுப்பிலிருந்து திரும்பும் இரவு, கணவாய் வாயிலில் காவல் இருக்க அப்பாத் இப்னு பிஷ்ர் (ரலி), அம்மார் இப்னு யாஸிர் (ரலி) ஆகிய இருவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் நிறுத்தினார்கள். ஒருவர் உறங்க ஒருவர் விழித்திருப்பது என்று பேசிக்கொண்டார்கள். அப்பாத் (ரலி) தொழுகையில் நின்றார்கள். இருட்டிலிருந்து ஓர் அம்பு வந்து தைத்தது. பிடுங்கி எறிந்துவிட்டுத் தொழுகையைத் தொடர்ந்தார்கள். இரண்டாவது, மூன்றாவது வந்தது. பிறகே ருகூஉ, ஸுஜூது முடித்துத் தோழரை எழுப்பினார்கள். முதல் அம்பிலேயே ஏன் எழுப்பவில்லை என்று அம்மார் (ரலி) பதறிக் கேட்டதற்கு, ஓதிக்கொண்டிருந்த ஸூராவை இடையில் விட மனம் வரவில்லை, காக்கச் சொன்ன இடம் பறிபோய்விடுமே என்ற பயம் மட்டும் இல்லையென்றால் உயிர் போகும்வரை விட்டிருக்க மாட்டேன் என்றார்கள். இறைவனிடம் நெருக்கம் ஒரு பக்கம், பின்னால் உறங்குகிறவர்களின் உயிர் ஒரு பக்கம். இரண்டையும் அவர்கள் ஒரே தொழுகைக்குள் சுமந்தார்கள். அச்ச நேரத் தொழுகையைத் திருமறை கற்றுத்தரும் முறையையும் பாருங்கள். ஒரு கூட்டம் இமாமுடன் தொழும், மறு கூட்டம் ஆயுதத்தோடு முதல் கூட்டத்துக்குக் காவல் நிற்கும். பிறகு இடம் மாறும். பக்கத்தில் நிற்பவனைக் காப்பது இபாதத்தின் அமைப்புக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் ‘என் கூட்டம்’ என்பதே முழு நிய்யத்தாகிவிட்டால்? உஹதில் குஸ்மான் என்று ஒருவன் இருந்தான். புலிபோல் போரிட்டான். ஏழெட்டுப் பேரைத் தனியாக வீழ்த்தினான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவன் நரகவாதி என்று நாயகம் (ஸல்) அவர்கள் முன்பே சொல்லியிருந்தது ஸஹாபாப் பெருமக்களுக்குத் திகைப்பாக இருந்தது. காயம்பட்டுக் கிடந்தவனிடம் போய் நன்மாராயம் சொன்னார்கள். என்ன நன்மாராயம், நான் என் குலத்துப் பெருமைக்காகத்தான் போரிட்டேன், அது இல்லாவிட்டால் வந்திருக்கவே மாட்டேன் என்றான். பிறகு வலி தாளாமல் தன்னையே மாய்த்துக்கொண்டான்.

புகழுக்காகச் சாவது என்பது மனிதனிடம் மிகப் பழைய நோய். புதுக்கோட்டை நகருக்குக் கிழக்கே பொற்பனைக்கோட்டையில் பிராமி எழுத்து வெட்டிய ஒரு நடுகல் சில ஆண்டுகளுக்கு முன் கண்டெடுக்கப்பட்டது. ஆநிரைச் சண்டையில் இறந்த ஒருவனுக்காக, ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன் நட்டது என்கிறார்கள். மாடுகளும் இல்லை, கவர வந்தவனும் இல்லை, காத்தவனும் இல்லை; கல் இருக்கிறது. அவன் உண்மையில் எதற்காக நின்றானோ, பிள்ளைகளுக்குப் பால் வேண்டுமென்று மட்டுமே நின்றானோ, யார் கண்டது? ஆனால் கல்லை எதிர்பார்த்தே சாகிறவனின் கதி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மறுமையில் முதன்முதல் விசாரிக்கப்படும் மூவரில் ஒருவன் போரில் இறந்தவன். வீரன் என்று சொல்லப்பட வேண்டும் என்று செய்தாய், சொல்லியாகிவிட்டது என்று அவனிடம் கூறப்படும். மற்ற இருவரில் ஒருவன் பெயருக்காக வாரி வழங்கிய செல்வன். இன்னொருவன் பெயருக்காக இல்மு கற்று ஓதிக் காட்டிய ஆலிம். பட்டாளத்துக்காரனை விசாரிக்கக் கிளம்பும் மிம்பர்க்காரர்கள் அந்த மூன்றாமவனையும் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இங்கேதான் நம் சமூகத்தின் தராசு தலைகீழாக நிற்கிறது. வயிற்றுக்காகப் போனவனைப் பார்த்து, இவன் கூலிக்காரன் என்கிறோம். புகழுக்காகப் போனவனுக்கு மாலை போடுகிறோம். கஅப் இப்னு உஜ்ரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு ஹதீது தப்ரானீயில் வருகிறது. கட்டுமஸ்தான ஒருவர் சுறுசுறுப்பாக வேலைக்குப் போவதைக் கண்ட ஸஹாபிகள், இந்த வலிமை அல்லாஹ்வின் பாதையில் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்றார்கள். அவர் தம் சிறு குழந்தைகளுக்காக உழைக்கப் போனால் அதுவும் அல்லாஹ்வின் பாதைதான், வயது முதிர்ந்த தாய் தந்தைக்காகப் போனால் அதுவும் அல்லாஹ்வின் பாதைதான், பிறரிடம் கையேந்தாமல் தம் மானத்தைக் காக்கப் போனால் அதுவும் அல்லாஹ்வின் பாதைதான், பகட்டுக்கும் பெருமைக்கும் போனால் அது ஷைத்தானின் பாதை என்று நாயகம் (ஸல்) அவர்கள் திருத்தினார்கள். இதை அந்த நாட்டுப்புறத்து அரபியின் கேள்வியோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். அங்கே இடமில்லை என்று சொல்லப்பட்டவன், கொள்ளைப் பொருளின் ஆசையையே நோக்கமாகக் கொண்டவன். தங்கையின் கல்யாணக் கடனையும் தாயின் மருந்துச் செலவையும் நினைத்து வரிசையில் நிற்கும் அறந்தாங்கிப் பையன் அவனல்லன்.

ஆகவே அத்தாமார்களுக்குப் பதில்: நாட்டின் எல்லையையும் மக்களின் உயிரையும் காக்கும் வேலைக்குப் பெறும் ஊதியம் ஆகும். வெள்ளத்திலும் புயலிலும் மனிதர்களைத் தூக்கிக் கரை சேர்ப்பதும் அதே வேலைதான். ஆனால் அந்தச் சம்பளம் அவன் கையை விலைக்கு வாங்கலாம், ஈமானை வாங்க முடியாது. ஒரு சிறு படைக்கு நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவரைத் தலைவராக்கி, அவருக்குக் கீழ்ப்படியுங்கள் என்று அனுப்பினார்கள். வழியில் அவர் ஏதோ கோபத்தில் விறகைக் குவித்துத் தீ மூட்டி அதில் குதியுங்கள் என்றார். சிலர் குதிக்கவும் எண்ணினார்கள். தீயிலிருந்து தப்பத்தானே நபியிடம் வந்தோம் என்று வேறு சிலர் தடுத்தார்கள். செய்தி கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், குதித்திருந்தால் அவர்கள் அதைவிட்டு வெளியேறியிருக்கவே மாட்டார்கள், கீழ்ப்படிதல் நல்லவற்றில்தான் என்று கூறிவிட்டார்கள். உத்தரவு என்பது மறுமையில் செல்லும் சாக்கு அல்ல. ஷாம் நாட்டுக்குப் படை அனுப்பும்போது அபூபக்ர் (ரலி) அவர்கள் தளபதியோடு நடந்துபோய்ச் சொன்ன வஸிய்யத்தைப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்: பெண்ணையும் குழந்தையையும் தள்ளாத கிழவரையும் கொல்லக் கூடாது, மடத்தில் தனித்திருக்கும் துறவியைத் தொடக் கூடாது, காய்க்கும் மரத்தை வெட்டக் கூடாது. பிறர் பொருளைப் பற்றியும் சொல்லுங்கள். கைபர்ப் போருக்குப் பிறகு எங்கிருந்தோ வந்த அம்பு பட்டு ஓர் ஊழியர் இறந்தார். அவருக்கு ஷஹாதத்து வாழ்த்துச் சொன்னார்கள். பங்கிடுமுன் அவர் எடுத்துக்கொண்ட ஒரு போர்வை அவர்மீது நெருப்பாக எரிகிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதைக் கேட்ட ஒருவர், எடுத்து வைத்திருந்த ஒன்றிரண்டு செருப்பு வார்களை ஓடிவந்து திருப்பிக் கொடுத்தார். செருப்பு வார்தான்!

பிள்ளைகளிடம் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். ‘ஜிஹாத்’ என்ற பெயரைச் சொல்லி எவனோ கைபேசியில் ஆசை காட்டினால் அது பட்டாளமும் அல்ல, ஜிஹாதும் அல்ல. ஒரு தனி மனிதனோ கூட்டமோ தானாகப் போரை அறிவிக்க ஃபிக்ஹில் இடம் இல்லை. போருக்குப் போக அனுமதி கேட்டு வந்தவரிடம் பெற்றோர் உயிரோடிருக்கிறார்களா என்று கேட்டு, அவர்களிடத்தில் போய்ப் பாடுபடுமாறு அனுப்பிய நபியின் உம்மத்து நாம்.

இனித் தாய்மார்களின் கேள்வி. ஷஹீதுகள் ஒரே வகையினர் அல்லர் என்று ஃபுகஹாக்கள் பிரித்திருக்கிறார்கள். ஈமானோடு நின்று உயிரையும் பொருளையும் குடும்பத்தையும் காக்கையில் கொல்லப்பட்டவன் ஷஹீது என்று ஹதீதிலேயே வந்திருக்கிறது. காவல் நிற்கையில் மடிந்த பிள்ளைக்கு அந்த வாசல் திறந்தே இருக்கிறது. வெளித் தோற்றத்தில் ஷஹீதாகி, உள்ளே முகஸ்துதியால் கூலியை இழந்தவர்களும் உண்டு; அவர்கள் யார் என்று அல்லாஹ்வையன்றி ஒருவருக்கும் தெரியாது. போர்க்களத்தில் கலிமா சொன்ன ஒருவனை, பயத்தில் சொன்னான் என்று வெட்டிவிட்டு வந்த உஸாமா (ரலி) அவர்களிடம், அவன் நெஞ்சைப் பிளந்து பார்த்தாயா என்று நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உஸாமா (ரலி) அவர்கள் நபிக்கு எவ்வளவு பிரியமானவர் என்பது தெரியும். அவருக்கே அந்த அதிகாரம் இல்லை என்றால், மவுத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, சம்பளத்துக்குப் போனவன்தானே என்று பேசும் நமக்கு ஏது? அப்படிப் பேசியதைக் கேட்டுத்தான் ஒரு தாய் நம்மிடம் வந்தார். அந்தப் பிள்ளை மாதந்தோறும் அனுப்பிய பணத்தில் இரண்டு தங்கைகள் கரையேறினார்கள்.

நிய்யத்து ஒருமுறை வைத்து முடிந்துபோவதும் அல்ல. சேரும்போது சோற்றை நினைத்துச் சேர்ந்தவன், நாலாம் வருஷம் பனிமலையில் காவல் நிற்கையில், பின்னால் உறங்கும் ஊர்களை நினைத்து நிற்கலாம். நோக்கம் மாறிக்கொண்டே இருக்கும், மாற்றிக்கொள்ளவும் முடியும். விடுப்பில் வரும் பிள்ளையோடு அத்தா உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான். பெரும்பாலான வீடுகளில் நடப்பது, எவ்வளவு மிச்சம் வைத்திருக்கிறாய் என்ற பேச்சு.

மஹல்லா ஜமாஅத்தாருக்கும் ஒரு வார்த்தை. அல்லாஹ்வின் பாதையில் போரிடச் சென்றவரின் வீட்டை நல்ல முறையில் கவனித்துக்கொண்டவர் தாமும் போரிட்டவர் ஆவார் என்று ஸைத் இப்னு காலித் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது சொல்லுகிறது. பிள்ளை காஷ்மீரத்திலோ அஸ்ஸாமிலோ இருப்பான். இங்கே அவன் தாயை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக ஆள் இருக்காது. ரேஷன் கடையில் கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். பட்டாளத்துக்காரர்களின் குடும்பங்களுக்கென்று மாவட்டத்தில் ஒரு நல அலுவலகம் இருப்பதே அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்காது. நான்காண்டு முடிந்து திரும்பும் பிள்ளைக்கு அடுத்த வேலைக்கு வழி காட்டவும் ஆள் வேண்டும். சந்தா நோட்டில் வீட்டுக்கு வீடு பெயர் எழுதி வைத்திருக்கிறோம். அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில், நம் மஹல்லாவிலிருந்து படையில் இருப்பவர்கள் யார் யார், அவர்கள் வீட்டில் இப்போது இருப்பவர்கள் யார் யார் என்று எழுதி, மாதம் ஒருமுறை ஒருவர் போய் விசாரித்து வரலாம். போகும்போது பெண் துணையோடு போனால் தாய்மார்கள் தயங்காமல் பேசுவார்கள்.